சுவிசேஷ இசைத்தட்டுகளின் உறைகள்: எது நன்று, எது தீது?

இசைத்தட்டின் உறையை இலக்கிய ஏடொன்றிலே விமர்சிப்பது தகுமா என்று சிலர் வினவக்கூடும். தகும் என்பதே எமது துணிபு. ஆயிரமாயிரம் படிகளாக அச்சாகிப் பொதுமக்களின் வீட்டுக்குள் நுழையும் எந்தப் படமும் சமுதாயப் பொருளேயாகும். 1940ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்திற் பணியாற்றிய அலெக்ஸ் ஸ்ரைன்வைஸ் என்னும் இளைஞர், வெறும் அட்டைகளுக்குள் விற்கப்பட்டு வந்த இசைத்தட்டுகளுக்கு ஓவியம் தீட்டிய உறைகளை அணிவித்தார். 1948இல் அதே நிறுவனம் நீண்டநேர இசைத்தட்டை வெளியிட்ட பின், பன்னிரண்டு அங்குலச் சதுர அட்டை ஓவியருக்கும் ஒளிப்படக்காரருக்கும் நிலையான களமாயிற்று. அக்களத்தின் ஒரு மூலையை, அமெரிக்கக் கிறித்தவ மக்களின் சுவிசேஷ இசைத்தட்டுகளின் உறைகளை, இங்கு ஆராய எடுத்துக்கொண்டோம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அண்மையில் எமது மேல்வகுப்பு மாணவர் சிலர், உலகின் மிக மோசமான இசைத்தட்டு உறைகள் என்ற பெயரில் உலவும் படங்களைக் கைத்தொலைபேசியில் எமக்குக் காட்டினர். அவற்றுட் பல சுவிசேஷத் தட்டுகளுக்குரியவை. ஒரே துணியில் தைத்த மேற்சட்டையணிந்த நால்வர். வானளாவக் கொண்டை முடிந்த சகோதரிகள் மூவர். கல்லறைகளின் நடுவே நிற்கும் போதகர் ஒருவர். மாணவர் சிரித்தனர், நாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில் அச்சிரிப்பு எம்மை உறுத்தியது. எதைக் கண்டு சிரித்தோம்? படத்தின் பிழையைக் கண்டா, படத்தில் நின்றவரின் வறுமையைக் கண்டா?

அவ்வுறைகள் தோன்றிய வகையை அறிந்தால் விடை எளிதாகும். 1960களிலும் 1970களிலும் அமெரிக்காவின் சிற்றூர்களில், ஞாயிறுதோறும் கோயில்களிற் பாடிய குடும்பத்தினரும் நால்வர் குழுவினரும் தம் கைப்பணத்தைக் கட்டிச் சில நூறு தட்டுகளை அச்சிடுவித்தனர். படம் பிடித்தவர் ஊர்க் கலியாணங்களுக்குப் படம் பிடிப்பவர். ஒளிப்படத்துக்கும் வசதியில்லாதோர், அச்சகத்தார் மலையும் ஓடையும் வரைந்து ஆயத்தமாக வைத்திருந்த பொது உறையை வாங்கித் தம் பெயரை அதன்மேற் பொறித்துக்கொண்டனர். பாடல் முடிந்ததும் கோயில் வாசலில் மேசை போட்டு அவற்றை விற்றனர். அந்த ஒரே நிறச் சட்டை அவர்களது நன்னாள் உடை. நகரத்துப் பட்டியற்காரர் அதனை நகைப்பது, ஏழை வீட்டுத் திண்ணையின் அழகுப் பொருளைச் செல்வர் நகைப்பதற்கு ஒப்பானதே.

எனினும், ஏழை செய்ததெல்லாம் நற்கலை என்று நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறுவது மக்களை மதிப்பதாகாது. அவர்களுக்குச் சலுகை காட்டுவதாகவே முடியும். அளவுகோல் ஒன்று வேண்டும். உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும் என்பது எல்லாக் கலைக்கும் பொது விதி. இசைத்தட்டின் உறைக்கு அதனை இவ்வாறு பொருத்தலாம்: இப்பாடல் எவர் வாழ்விலிருந்து பிறந்ததோ அவ்வாழ்வை இவ்வுறை சொல்கின்றதா, மறைக்கின்றதா? இவ்வொரு வினாவைக் கொண்டே சில உறைகளை மதிப்பிடுவோம்.

மோசமானவை எனத் தொகுக்கப்படும் பட்டியல்களில் அடிக்கடி இடம்பெறுவது, லூவின் சகோதரர்கள் 1959இல் கப்பிற்றல் நிறுவனத்தின் வழி வெளியிட்ட 'சாத்தான் மெய்யே' என்னும் பொருள்படும் தலைப்புடைய தட்டாகும். ஐரா, சார்லி என்னும் இருவரும் அலபாமா மாநிலத்துப் பருத்திப் புலத்திற் பிறந்த உழவர் மக்கள். உறையில் அவ்விருவரும் வெண்ணிற உடையணிந்து நெருப்பின் நடுவே நிற்கின்றனர். பின்னே ஆளினும் உயர்ந்த ஒட்டுப்பலகைச் சாத்தான் ஒன்று நிற்கின்றது. அக்காட்சியை அமைத்தவர் ஐராவே. கற்குழி ஒன்றில் மண்ணெண்ணெய் ஊற்றிய ரயர்களைக் கொளுத்தி எடுத்த படம் அது. சாத்தானின் முகம் திருவிழாப் பொம்மையின் முகம் போன்றிருப்பது உண்மை. ஆயினும் நெருப்பு மெய்யான நெருப்பு. பலகையை அறுத்தது பாடியவரின் சொந்தக் கை. மதுவுக்கு அடிமையாகித் தன்னோடு தானே போராடிய ஐராவுக்குச் சாத்தான் ஏட்டில் எழுதிய சொல்லன்று. நரக பயத்தை மக்களுக்கு ஊட்டும் அக்கருத்தை நாம் ஏற்கவில்லை. ஆனால் சொல்ல வந்ததை ஒளிக்காமல், தம் கைக்கெட்டிய பலகையாலும் ரயராலும் சொல்லிவிட்ட நேர்மையை மறுக்கவும் இயலாது. ஆகவே மோசமானவற்றின் வரிசையிலிருந்து இதனை நாம் விடுவிக்கின்றோம்.

இதற்கு எதிர்முனையில் நிற்பது எல்விஸ் பிறெஸ்லியின் 1967ஆம் ஆண்டுத் தட்டு. 'நீர் எத்துணை பெரியவர்' என்ற பொருளுடைய புகழ்பெற்ற கீதமே அதன் தலைப்பு. பாடலிற் குறைகாண இடமில்லை. சிறந்த சமயப் பாடலுக்கான கிராமி விருதையும் அது வென்றது. உறையோ, அழகிய வெண்கோபுரக் கோயில் ஒன்றின் முன் பாடகரை நிறுத்திய படம். அக்கோயில் வடகிழக்கில், மசச்சூசெற்ஸ் மாநிலத்துச் சாண்ட்விச் ஊரில் உள்ளது. எல்விஸ் பாடக் கற்றதோ தெற்கே, மிசிசிப்பி மாநிலத்து டூப்பலோ நகரின் ஏழை வெள்ளையரின் சிறு சபையில். அவ்விசையைப் பெற்றெடுத்த சபையும் இல்லை. உடன்பாடிய குழுவினரின் முகங்களும் இல்லை. அஞ்சலட்டை போன்ற ஒரு கோயில் மட்டுமே எஞ்சுகின்றது. அச்சு நேர்த்தி, வண்ணத் தெளிவு யாவும் உண்டு. பாட்டின் பிறப்பிடம் மட்டும் இல்லை. இவ்வுறையைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. அதுவே இதன் குற்றத்தை மறைக்கும் திரையாகிவிட்டது.

மறைத்தல் என்னும் இக்குற்றம் கறுப்பின மக்களின் இசையில் மேலும் கொடிதாயிற்று. இன்று நாம் சுவிசேஷ இசை எனக் கொள்வதன் பெரும்பகுதி, 1930களில் சிக்காகோ நகரில், புளூஸ் இசைக் கலைஞராயிருந்து மாறிய தொமஸ் டோர்சி முதலானோர் வளர்த்தெடுத்தது. அவ்வின மக்களின் முகம் கடைச் சாளரத்தில் விலைபோகாது என வணிகர் அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1957ஆம் ஆண்டுத் தட்டொன்றில் பாய்மரப் படகில் அமர்ந்த வெள்ளைப் பெண்ணின் படத்தையே பொறித்தனர். அவர் சினந்து கண்டித்தபின், பிந்திய பதிப்புகளில் அவரது படம் வந்தது. இப்பின்னணியை அறிந்தவர்க்கே அறீத்தா பிராங்ளினின் 1972ஆம் ஆண்டுத் தட்டினது உறையின் பெருமை விளங்கும்.

'வியத்தகு கிருபை' எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அத்தட்டு, 1972 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பப்ரிஸ்ற் கோயில் ஒன்றில், சபையார் முன்னிலையில் இரு இரவுகள் பாடிப் பதிவானது. ஜேம்ஸ் கிளீவ்லண்டும் அவரோடு வந்த பாடகர் குழுவும் துணைநின்றனர். உறையில் அறீத்தா ஆபிரிக்கப் பாணி உடையும் தலைக்கட்டும் அணிந்து படிக்கட்டில் அமர்ந்திருக்கின்றார். சிலுவையில்லை, ஒளிவட்டமில்லை, வானத்துக் கை இல்லை. ஓய்ந்து அமர்ந்த ஒரு பெண்ணின் நிமிர்வு மட்டுமே உண்டு. இனி ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். தலைப்புப் பாடலை 1772ஆம் ஆண்டின் இறுதியில் எழுதியவர் ஜோன் நியூற்றன். முன்னர் அடிமைக் கப்பல்களின் தலைவராயிருந்து, பிற்காலத்தில் அவ்வணிகத்தையே கண்டித்தவர். இருநூறு ஆண்டுகள் கழிந்தபின், கப்பலிற் கட்டுண்டு வந்தோரின் வழித்தோன்றல் ஒருத்தி, தன் மூதாதையர் நிலத்து உடையுடுத்து அதே பாடலைத் தனதாக்கி அமர்ந்திருக்கின்றாள். ஒரு சொல்லும் எழுதாமலே ஒரு வரலாற்றை அவ்வுறை கூறிவிடுகின்றது. குறையொன்றும் உண்டு: அவ்விரு இரவுகளையும் பொங்கியெழச் செய்த பாடகர் குழுவினரின் முகங்கள் முன்னட்டையில் இல்லை. அக்குறையோடும் இதனையே நாம் தலைசிறந்ததாகக் கொள்கின்றோம்.

ஒரே கலைஞர் நன்றும் தீதும் தருதல் கூடும் என்பதற்குப் பொப் டிலன் சான்று. கிறித்தவத்தைத் தழுவிய பின் அவர் 1979இல் வெளியிட்ட தட்டின் உறையில், கதரின் கானர் வரைந்த சித்திரம் உள்ளது. புகைவண்டி வந்துகொண்டிருக்கின்றது, அதற்கு முன்னே தொழிலாளர் தண்டவாளம் இடுகின்றனர். முன்னே நிற்பவன் ஓங்கிய பிக்கான் சிலுவை வடிவாகத் தோன்றுகின்றது. மீட்பு வருமாயின் அது வரும் பாதையை உழைப்பவரே இடவேண்டும் என்னும் பொருள் அதனுள் அடங்கியிருக்கின்றது. ஓவியர் கருதினாரோ இல்லையோ, கோடுகள் அதைச் சொல்கின்றன. அடுத்த ஆண்டு, 1980இல் வந்த தட்டின் உறையிலோ வானிலிருந்து பெருங்கை ஒன்று இறங்கி, கீழே ஏந்திய கைகளில் ஒன்றைத் தொடுகின்றது. பிக்கான் பிடித்த கை ஓராண்டிலே ஏந்தும் கையாயிற்று! நிறுவனம் பின்னர் அவ்வுறையை நீக்கி, மேடையில் நிற்கும் டிலனின் ஓவியத்தை இட்டது. அதனால் குற்றம் தீர்ந்ததாகாது; ஏந்திய கைகளின் இடத்தில் நட்சத்திரப் பாடகரின் உருவம் வந்ததே கண்ட பயன்.

ஆகவே எமது தீர்ப்பு இதுவாகும். நல்லுறை, பாடலை உழைத்துப் பெற்றவரின் முகத்தையோ கையையோ எமக்குக் காட்டும். தீயவுறை, அழகிய கோபுரத்தையோ வானத்துக் கையையோ காட்டி அவரை மறைக்கும். சித்திரக் கைத்திறனின் குறைவு மன்னிக்கத்தக்கது, பயின்றாற் தீரும். மறைத்தலோ பயிற்சியாலே மேலும் நேர்த்தியடையும் குற்றம்.

மறுவாரம் அப்படங்களை மீண்டும் வகுப்பிற் காட்டச் சொன்னோம். ஒரே நிறச் சட்டையணிந்த நால்வரிடம் வந்ததும், ஒரு மாணவி, "சேர், நாலு சட்டையும் ஒரே ஆள் தைச்சிருக்கிறா போல, பொத்தானும் ஒண்டுபோல இருக்கு" என்றாள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. சட்டையைத் தைத்தவளின் பெயர் எந்தத் தட்டிலும் இல்லை. ஆனால் அவள் கைவேலை உறையின் நடுவிலே நிற்கின்றது. விமர்சனம் தொடங்கவேண்டிய இடம் அதுவே.