நகரக் காட்சித் தாள்களும் இடப்பெயர்ச் சான்றும்

கி.பி. 1572-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் வெளிவரத் தொடங்கி, 1617-இல் ஆறாம் தொகுதியுடன் நிறைவெய்திய ‘சிவிடாட்டெஸ் ஓர்பிஸ் டெர்ராரும்’ என்னும் இலத்தீன் நூல், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நகரக் காட்சிகளைக் கொண்டது. கொலோன் நகரக் குருவாகிய கியோர்க் பிரவுன் அதன் பதிப்பாசிரியர். தொடக்கத் தொகுதிகளின் தகடுகளைச் செதுக்கியவர்களுள் தலையாயவர் பிரான்ஸ் ஹோகன்பெர்க். இடப்பெயராய்வாளர் இத்தாள்களிலுள்ள பெயர் வடிவங்களை அவ்வக்கால வழக்கிற்கு நேர்ச்சான்றாகக் கொள்வதுண்டு. அது எத்துணைப் பொருந்தும் என்பது ஈண்டு ஆராயப்படுகிறது.

முதற்கண் கருதத்தக்கது காலம். முதல் தொகுதியிலுள்ள இலண்டன் காட்சியில் புனித பவுல் பேராலயத்தின் கூர்ங்கோபுரம் ஓங்கி நிற்கிறது. அக்கோபுரமோ 1561-இலேயே இடியால் அழிந்துவிட்டது. முந்தைய படமொன்றைப் பின்பற்றியே அத்தகடு செதுக்கப்பட்டது என்பது இதனாற் பெறப்படும். வெளியீட்டாண்டு வேறு, காட்சியின் ஆண்டு வேறு. கட்டடத்திற்குப் பொருந்தும் இவ்விதி பெயருக்கும் பொருந்தும்.

அதே தொகுதியில் கோழிக்கோடு, ஓர்மஸ், கண்ணூர், எல்மினா ஆகிய நான்கு துறைகள் ஒரே தாளில் இடம்பெறுகின்றன. கீழைநாட்டுக் காட்சிகளைப் பெறுவதற்குக் கொலோன் வணிகர் கான்ஸ்டன்டின் வான் லிஸ்கிர்க்கன் துணைபுரிந்தார். கோழிக்கோடு அதில் ‘காலெகுட்’ என ஒலிக்கத்தக்க எழுத்துகளாற் பொறிக்கப்பட்டுள்ளது. ழகரம் காணப்படாமையால், அந்நகர மக்கள் அக்காலத்தில் அதனை லகரமாக ஒலித்தனர் எனத் துணிதல் பெரும்பிழையாகும். வாஸ்கோ ட காமா 1498-இல் வருவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, இபின் பதூதா இந்நகரை ‘காலிகூத்’ என்னும் அரபு வடிவிற் குறித்துள்ளார். அரபு மொழியில் ழகரமும் இல்லை. செவ்வியல் அரபியில் ஓகாரமும் இல்லை. ஆகவே தகட்டிலுள்ள வடிவம் கடல்வணிகர் நாவிற் பயின்ற வழக்கிற்கு உரிய சான்றே ஒழிய, ஊரார் வழக்கிற்கு உரியதன்று.

இரண்டாவது, அச்சுமுறை. தாளின் முன்பக்கக் காட்சி செப்புத்தகட்டிற் செதுக்கி அச்சிடப்பட்டது. பின்பக்க விளக்கவுரை ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடப்பட்டது. உரையை எளிதில் மாற்றலாம். தகட்டை மாற்றுவது அரிது. இதனாலேயே நூல் ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் வெளிவந்தபோது உரையின் மொழி மாறிற்று. தகட்டுப் பெயர்களோ பெரும்பாலும் மாறாது நின்றன. பின்னர்த் தகடுகள் ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர் யான்சோனியுஸ் கைக்குச் சென்றன. அவர் 1657-இல் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட நகர நூலில் அவற்றுட் பல மீண்டும் பயன்பட்டன. எனவே ஒரே பெயர் வடிவம் 1572-லும் 1657-லும் காணப்படுதல் அவ்வழக்கு நிலைத்திருந்தமையைக் காட்டாது. தகடு தேயாதிருந்தமையையே காட்டும்.

இவ்வாறு கூறுவதால் இத்தாள்கள் பயனற்றவை என்பது பொருளன்று. ஒரு பெயர் எவ்வெம்மொழிகளின் வழியே பயணம் செய்தது என்பதை அறிய இவை அரிய கருவிகள். ஆனால் அப்பயன் கிட்டுவதற்குத் தாள் முழுமையாகக் காக்கப்படல் வேண்டும். நூலினின்றும் பிரித்தெடுக்கப்பட்ட தாள்கள் அழகுப்பொருளாகச் சட்டமிடப்படும்போது பின்பக்க உரை மறைந்துவிடுகிறது. எம்மொழிப் பதிப்பைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் முதன்மைச் சான்று அவ்வுரையே.

ஆகவே, இத்தகைய தாளிலிருந்து பெயரொன்றை எடுத்தாளுவோர், மூலப்படத்தின் காலம், தகடு செதுக்கிய காலம், தாள் அச்சான காலம் ஆகிய மூன்றையும் வேறுபடுத்திக் குறித்தல் இன்றியமையாதது. காப்பகப் பட்டியல்களும் பின்பக்க உரையின் மொழியைத் தவறாது பதிவு செய்தல் வேண்டும். அவ்வாறன்றி ஆண்டு ஒன்றையே துணையாகக் கொண்டு ஒலி வரலாறு எழுதுதல், செதுக்குநரின் கைவண்ணத்தை மக்களின் நாவழக்காக மயங்குவதாகவே முடியும்.