கையெழுத்துப் போட்டவரும் தடம் பார்த்தவரும்

ஆர்தர் அப்ஃபீல்டின் துப்பறியும் நாவல் ஒன்றின் முதல் பதிப்பு, அதில் அவர் கையெழுத்தும் இருந்துவிட்டால், பழம்புத்தகச் சந்தையில் அதன் மதிப்பே வேறு. கையெழுத்து என்ன செய்கிறது? அச்சான பிரதிகளிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, எழுதியவன் இதைத் தொட்டான் என்று சாட்சி சொல்கிறது. ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரொலான் பார்த் 1967இல் அறிவித்தது சேகரிப்பாளர்கள் காதில் விழவில்லை போலும்.

1929இல் தொடங்கிய அந்த நாவல் வரிசையின் துப்பறிவாளன் 'போனி'. ஆஸ்திரேலியப் பழங்குடித் தாய்க்கும் வெள்ளைத் தகப்பனுக்கும் பிறந்தவன். மணலில் பதிந்த காலடி, ஒடிந்த சுள்ளி, இவற்றை வாசித்தே கொலைகாரனை எட்டுகிறான். இந்த வாசிப்பு அப்ஃபீல்டுக்குச் சொந்தமானதல்ல. போலீசுக்குத் தடம் பார்த்துக்கொடுத்த லியோன் என்பவரைச் சந்தித்ததில்தான் போனி உருவானான் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் புத்தகத்துக்கு விலை ஏற்றுவது அப்ஃபீல்டின் கையெழுத்து மட்டுமே. பழங்குடியின் அறிவு கதைக்குள்ளே சரக்கு. வெளியே அதற்குப் பெயர் கிடையாது.

கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது மேற்கே நிற்கிற கல்வராயன் மலையை விட்டுவிட முடியவில்லை. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தபோது, பத்திரிகைக் கதையாடலில் மலையே சந்தேக நபராயிற்று. மெத்தனால் என்ன, கடுக்காய் மாதிரி மலையில் காய்க்கிறதா? அது ஆலைச் சரக்கு. துப்பறியும் கதைக்குக் குற்றத்தை இறக்கிவைக்க ஒரு இருண்ட இடம் வேண்டும், அவ்வளவுதான். மலைப்பாதை தெரிந்தவர் அந்தக் கதையில் ஒன்று குற்றவாளி, இல்லை வழிகாட்டி. கதைசொல்லியாக அவர் வருவதே இல்லை.

நம்ம பழைய துப்பறியும் நாவல்களின் கதி வேறு. ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் எல்லோரையும் ஜனங்கள் விழுந்து விழுந்து படித்தார்கள். வடுவூராரின் திகம்பர சாமியார் 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாகவும் வந்தார். நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது இவர்களில் ஒருவர் பெயரும் வகுப்பறைக்குள் வரவில்லை. இலக்கியம் என்று பண்டிதர்கள் ஒதுக்காத இந்தப் 'பொழுதுபோக்கு'க் காகிதங்களையும், கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் வரைக்கும், சேர்த்துவைத்தவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. 1992இல் அவர் இறந்தபின் அந்தச் சேகரிப்பு சென்னைக்கு வந்து 1994இல் நூலகமாயிற்று. அவர் ஆசிரியரின் கையெழுத்துக்காகக் காத்திருந்திருந்தால் எது மிஞ்சியிருக்கும்?

இந்த மாதிரிப் புத்தகங்களில் கிடைப்பது வேறு கைகள். வாடகை நூலக முத்திரை, நாலணாக் கணக்கு, ஒரு பெண்ணின் தலைப்பெழுத்து, ஓரத்தில் 'இவன்தான் திருடன்' என்று எவனோ பென்சிலால் போட்டுவிட்டுப் போன துரோகம். யார் வாசித்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன ஆவணம் வேண்டும்? பைண்டிங் செய்கிறவர்கள் அந்த ஓரத்தை வெட்டித் தள்ளிவிடுகிறார்கள். மின்னாக்கம் செய்கிறவர்களாவது முதல், கடைசித் தாள்களை வெற்றுப்பக்கம் என்று தாண்டிப் போகாமல் இருக்க வேண்டும்.