கறுப்பு மணலும் வெள்ளைப் பசையும்

குளச்சல் கடற்கரையில் அலை பின்வாங்கும்போது மணலில் கறுப்பு வரிகள் தங்கிவிடும். அள்ளிப் பார்த்தால் சாதாரண மணலைவிடக் கனம், விரலிடுக்கில் நழுவும், வெயிலில் மினுங்கும். அதில் பெரும்பங்கு இல்மனைட். பக்கத்து மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். ஆலை பிரித்தெடுக்கும் கனிமங்களில் இதுவும் ஒன்று. கன்னங்கரேல் என்ற இந்த மணலிலிருந்துதான் சுவர்ப் பெயின்ட்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு கிடைக்கிறது என்றால் நம்பச் சற்று நேரமாகும்.

அந்த வெள்ளைத் தூளை 20 நானோமீட்டர் அளவுத் துகள்களாக்கிப் பசையாகக் குழைத்தால், சாயமேற்றிய சூரிய மின்கலம் செய்யலாம். மின்கடத்தும் கண்ணாடியின் ஓரங்களில் டேப் ஒட்டி, நடுவில் பசையை வைத்து, கண்ணாடிக் கோலால் ஒரே இழுப்பு. தோசை வார்த்துப் பழகிய கைக்கு இது எளிதில் வசப்படும். 450 டிகிரி சூட்டில் படலம் முதலில் பழுப்பாகும், பிறகு மறுபடி வெளுக்கும். அதற்குள் அணைத்துவிடும் அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது. ஆறுவதும் மெல்லத்தான், இல்லையேல் ‘டிக்’ என்ற சத்தத்தோடு கண்ணாடி விரிசல் விடும். ஆறியதைச் செம்பருத்திச் சாற்றில் ஊறப்போட்டால், துகள்களுக்கு இடையேயுள்ள எண்ணற்ற நுண்துளைகளில் சாயம் இறங்கி, வெள்ளைப் படலம் ஊதாவாகும். பூச்சாயம் தரும் மின்சாரம் சொற்பம், பெரும்பாலும் வெயிலின் ஆற்றலில் 1 சதவீதத்தைக்கூட எட்டாது. ருத்தேனியச் சாயம் 10-ஐத் தாண்டிவிடும். ஆனாலும் நிறம் என்று பார்த்தால் என் ஓட்டு செம்பருத்திக்கே.