பச்சைக் கண்ணாடியும் வண்ணத்திரையும்: ஒஸ் மாயாவி கதையின் இரு வடிவங்கள்

நாவலொன்று திரைப்படமாகும்போது விடுபட்டவை எவை, சேர்ந்தவை எவை எனக் கணக்கெடுப்பதோடு நம்மிற் பலர் நிறைவடைந்துவிடுகின்றனர். விடுபட்டவற்றிடையே ஓர் ஒழுங்கு உண்டா, உண்டெனில் அது எத்தகைய கருத்துநிலைக்கு இயைவது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. எல். பிராங்க் போம் எழுதி 1900இல் சிக்காகோவில் வெளிவந்த ஒஸ் நாட்டு மாயாவியின் கதையையும், அதனைத் தழுவி எம்.ஜி.எம். நிறுவனம் 1939இல் வெளியிட்ட படத்தையும் இவ்வினாவுடன் அணுக இடமுண்டு. கன்சாஸ் சமவெளியில் மாமன், மாமியுடன் வாழும் அநாதைச் சிறுமி டொரதி, சுழற்காற்றினால் ஒஸ் நாட்டுக்கு அடித்துச் செல்லப்படுகிறாள். வெருளி, தகர மரவெட்டி, கோழைச் சிங்கம் ஆகியோருடன் மரகத நகரத்து மாயாவியிடம் வரம் வேண்டிச் செல்கிறாள். மாயாவியோ வெறும் பாசாங்குக்காரன். இவ்வளவும் இரு வடிவங்களுக்கும் பொது.

நாவலில் மரகத நகரத்துள் நுழைவோர் யாவருக்கும் வாயிற்காவலன் பச்சைக் கண்ணாடி அணிவித்துப் பூட்டிவிடுகிறான். நகரத்தின் ஒளி கண்ணைக் குருடாக்கிவிடும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். பின்னர் மாயாவி தானே உண்மையை ஒப்புக்கொள்கிறான்: அந்நகரம் மற்றெந்த நகரத்தையும்விடப் பச்சையானதன்று, நெடுங்காலம் கண்ணாடி அணிந்த மக்கள் அதனை அவ்வாறே நம்பிவிட்டனர். ஆட்சி தன் மக்களின் பார்வையையே உற்பத்தி செய்யும் முறையைச் சிறுவர்க்கு இதனினும் எளிதாகக் காட்டிய பிறிதொரு கதையை யான் அறியேன். படத்திற் கண்ணாடி இல்லை. நகரம் மெய்யாகவே பச்சையாய் ஒளிர்கின்றது. கன்சாசைக் கபில நிறத்திலும் ஒஸ்ஸைப் பல்வண்ணத்திலும் காட்டிய அப்படத்துக்கு வண்ணமே பெருங்கவர்ச்சி. அவ்வண்ணத்தைப் பொய்யென்று சொல்லும் காட்சிக்கு அதில் இடமிருந்திருக்க முடியாது. நாவலின் வெள்ளிப் பாதணிகள் மாணிக்கப் பாதணிகளானதும் வண்ணத்திரையின் பொருட்டே. திரைக்கு வெளியே இருந்த நமக்கும் ஒருவகைக் கண்ணாடி பூட்டப்பட்டது எனலாம்.

உழைப்பும் அடிமைமையும் பெற்ற கதி இன்னும் கவனிக்கத்தக்கது. நாவலிற் சூனியக்காரி டொரதியைச் சமையற்கட்டு வேலைக்காரியாக்குகிறாள். சிறுமி பாத்திரம் துலக்குகிறாள், தரை கூட்டுகிறாள், அடுப்புக்கு விறகிடுகிறாள். தன் பாதணி ஒன்று சூழ்ச்சியாற் பறிக்கப்பட்டபோது எழுந்த சினத்திலேயே அவள் நீரை வீசுகிறாள். நீர் கொல்லும் என்பதை அவள் அறியாள். ஆயினும் அச்சினம் அவளுடையது. படத்தில் வேலையும் இல்லை, சினமும் இல்லை. வெருளியின் கையிற் பற்றிய தீயை அணைக்க வீசிய நீர் தற்செயலாகச் சூனியக்காரிமேற் படுகிறது. எதிர்ப்பு விபத்தாக மாற்றப்பட்டுவிட்டது. சிறகுக் குரங்குகளோ நாவலில் ஒருகாலத்திற் சுதந்திரமாக வாழ்ந்து, பின்னர்ப் பொற்றொப்பியின் உரிமையாளர்க்கு ஏவல் செய்யுமாறு கட்டுண்ட இனத்தினர். தம் வரலாற்றை அவர்களே டொரதிக்கு உரைக்கின்றனர். முடிவில் அத்தொப்பி அவர்களின் அரசனிடமே ஒப்படைக்கப்படுகின்றது. படத்தில் அவர்கள் அச்சமூட்டும் அடியாட்கள் மாத்திரமே. வெருளி பெறும் பரிசும் மாறிவிட்டது. நாவலில் தவிடும் ஊசியும் கலந்த பொதி அவன் தலையுட் புகுத்தப்படுகின்றது. படத்திலோ அவனுக்கு ஒரு பட்டச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் இவ்வொரு மாற்றத்தையேனும் குறை கூறார் என நம்பலாம்.

இவற்றைக் கொண்டு நாவலை முற்போக்கு இலக்கியம் எனப் போற்றிவிடுதல் தவறாகும். வெள்ளிப் பாதணியையும் மஞ்சட் சாலையையும் வெள்ளி நாணயக் கோரிக்கையுடனும் பொன் அடிப்படையுடனும் பொருத்தி, நாவலை 1890களின் விவசாயிகள் இயக்கத்து உருவகமாக லிற்றில்பீல்ட் 1964இல் விளக்கினார். அவ்விளக்கம் பல வகுப்பறைகளிற் பரவியது. ஆனால் போம் அவ்வாறு கருதி எழுதினார் என்பதற்குச் சான்று இல்லை. அவர் தெற்கு டகோட்டாவில் நடத்திய பத்திரிகையில், 1890 டிசெம்பரிலும் 1891 ஜனவரியிலும், அந்நிலத்தின் பூர்வீக மக்கள் அழித்தொழிக்கப்பட வேண்டுமென ஆசிரியத் தலையங்கம் தீட்டினார் என்பதை மறைத்தலாகாது. சாம்பல் நிறச் சமவெளி அவர் நாவலில் ஆளற்ற வெளியாகத் தோன்றுவதை இதனோடு சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

படத்தின் பக்கமும் நியாயம் உண்டு. நாவலின் கன்சாசில் வறுமை இயற்கையின் செயல். வெயிலும் காற்றும் நிலத்தையும் மாமியின் முகத்தையும் சாம்பலாக்கின. அங்கு நிலவுடைமை பேசப்படுவதில்லை. மாவட்டத்திற் பாதியை உடைமையாகக் கொண்ட மிஸ் கல்ச் என்னும் பாத்திரத்தைப் படமே படைத்தது. ஷெரிப்பின் ஆணையுடன் வந்து டொரதியின் நாயைப் பறித்துச் செல்லும் அவள்தான் ஒஸ்ஸிற் சூனியக்காரியாகிறாள். பண்ணைக் கூலிகள் மூவரும் தோழர்களாகின்றனர். மேலும், பாடல்களை எழுதியவர் யிப் ஹார்பேர்க். வேலையிழந்தோரின் குரலாக 1932இற் புகழ்பெற்ற பாடலொன்றைத் தந்தவர் அவர். 1950களில் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்றவர். வானவில்லுக்கு அப்பாலுள்ள நாட்டை வேண்டும் அவரது பாடலில் மந்தகால மக்களின் ஏக்கம் முழுவதும் ஒலிக்கின்றது.

அவ்வேக்கத்துக்குத் திரைக்கதை அளிக்கும் விடைதான் கேள்விக்குரியது. நாவலில் ஒஸ் மெய்யான நாடு. டொரதி அங்கிருந்து காலுறையுடன் புல்வெளியில் வந்து விழுகிறாள், வெள்ளிப் பாதணிகள் பாலைவனத்தில் வீழ்ந்து தொலைந்துவிட்டன. சுழற்காற்று கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாக மாமன் கட்டிய புதுவீடு அங்கே நிற்கின்றது. படத்தில் அனைத்தும் தலையில் அடிபட்ட மயக்கத்திற் கண்ட கனவு. வேறொரு வாழ்வை வேண்டியவள், வேண்டியதே தவறென உணர்ந்து கட்டிலில் விழிக்கிறாள். போம் 1910இல் எழுதிய தொடர்நாவலிற் புதுவீட்டுக்கான அடமானக் கடனைத் தீர்க்க மாமனால் இயலவில்லை. வங்கி பண்ணையை எடுத்துக்கொள்ளவிருக்கும் வேளையில் டொரதி அவ்விருவரையும் ஒஸ்ஸுக்கே குடியேற்றிவிடுகிறாள். வீடு என்பது பறிபோகக்கூடியது என்பதை நாவலாசிரியர் அறிந்திருந்தார். அடமானத்தில் இழந்த பண்ணைகளை நேரிற் கண்ட மக்களுக்கோ, வீட்டைவிடச் சிறந்த இடமில்லையென 1939இற் படம் போதித்தது. கட்டிலைச் சூழ்ந்து யாவரும் புன்னகைக்கும் அக்காட்சியில் நாய் டொரதியின் அருகிலேயே இருக்கின்றது. அதனைப் பறிக்கும் ஷெரிப்பின் ஆணையை எவரும் இரத்துச் செய்யவில்லை. மிஸ் கல்ச் பற்றி அங்கு ஒருவரும் வாய்திறக்கவும் இல்லை.