மெட்டுக்கு அடங்கிய சொல், அடங்காத கருத்து

சினிமாப் பாட்டு அளவெடுத்துத் தைக்கிற சட்டை. மெட்டு முந்தி வரும். தத்தகாரத்துக்குச் சொல் பொருந்த வேண்டும். அந்தக் காலத்தில் 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்குள், மூன்று நிமிடத்துச் சொச்சத்தில், பல்லவியும் சரணங்களும் அடங்கிவிட வேண்டியிருந்தது. கதாநாயகன் குழந்தைக்குப் புத்தி சொல்லும் பாட்டு என்றால் அதற்கும் ஒரு வாய்பாடு தயாராக இருக்கும்.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் இந்த அளவுகளோடு சண்டைக்குப் போகவில்லை. ‘அரசிளங்குமரி’யில் எம்.ஜி.ஆர். ஒரு சிறுவனுக்குப் பாடும் பாட்டைக் கேளுங்கள். பையனைச் செல்லமாக அதட்டித்தான் தொடங்குகிறது. மரத்தில் பேய் என்று பயமுறுத்துபவர்களை நம்பாதே என்கிறது. அப்படியே நைசாக, தனியுடைமையின் கொடுமை தீரப் பாடுபடச் சொல்லிவிடுகிறது. ஜி. ராமநாதனின் மெட்டு எங்கும் இடறவில்லை. ராஜா ராணிக் கதைப் படத்தில் பொதுவுடைமை!

இதில் நான் ரசிப்பது சொற்களின் எளிமையை. அகராதி தேடவைக்கும் ஒரு சொல் கிடையாது. வயல்காட்டுப் பேச்சே சந்தமாகிறது. தயாரிப்பாளருக்கு ஹிட், டூரிங் டாக்கீஸ் ரசிகனுக்குத் தன் பேச்சு, கவிஞருக்குத் தன் கொள்கை.

படம் வந்தது 1961இல். அவர் 1959லேயே, 29 வயதில் போய்விட்டார். வாய்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டே எழுதும் பாடலாசிரியர்கள் அவரை ஒருமுறை படிக்கலாம்.