அளவு பிரஸ்ஸின் இரட்டை வேலை

அமெரிக்காவில் துப்பாக்கிக்கான ஈயக் குண்டை வீட்டிலேயே வார்த்துக்கொள்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு மின் உருக்குக் கலம், ஒரு வார்ப்பு அச்சு, டயர்க் கடைகளில் கழித்துப்போட்ட ஈயச் சக்கர எடைகள் ஆகியவை கிடைத்தால் வீட்டுக் கொட்டகையிலேயே வேலை தொடங்கிவிடும். சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்துகொள்ள அங்கே கூட்டாட்சி உரிமம் வேண்டியதில்லை. விற்கப் போனால்தான் வேண்டும். (இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம். இந்தப் பொழுதுபோக்கு நம் பக்கம் வேர்விடாததற்கு அதுவே போதும்.) அச்சு வாங்கிய கையோடு ஒரு கேள்வி வந்து நிற்கும்: வார்த்த குண்டை அளவுக்கு அழுத்தி, மெழுகு ஏற்றுகிற பிரஸ்களில் எதை வாங்குவது? பெரும்பாலானோர் இரண்டு மூன்று பெயர்களை எடுத்துக்கொண்டு விலையையும் வேகத்தையும் ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பிரஸ் செய்கிற இரண்டு வேலைகளும் தமக்குத் தேவைதானா என்று முதலில் பார்ப்பவர்கள் குறைவு.

அச்சிலிருந்து விழும் குண்டு சீரான உருளையாக இருப்பதில்லை. அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் மயிரிழைத் தடிப்பு இருக்கும். கலவையையும் சூட்டையும் பொறுத்து விட்டமும் கூடிக் குறையும். 38 ஸ்பெஷல் ரிவால்வருக்கான வார்ப்புக் குண்டை வழக்கமாக 0.358 அங்குலத்துக்கு அழுத்துவார்கள். 45 ஏசிபிக்கு 0.452. குழலின் காடி விட்டம் 0.308 என்றால் அந்த ரைஃபிளுக்கு 0.309 அல்லது 0.310. குழலைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு பெரிதாக இருந்தால்தான் குண்டு குழலை முழுக்க அடைத்துக்கொண்டு போகும். இடைவெளி இருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை அரித்துக் குழலின் உட்சுவரில் பூசிவிடும். அப்புறம் அந்த ஈயப் படிவைச் சுரண்டி எடுப்பதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விடும். குண்டின் இடுப்பில் ஓடும் காடிகளில் மசகு மெழுகை நிரப்புவது பிரஸ்ஸின் இரண்டாவது வேலை.

அழுத்துவதால் குண்டு மேம்படும் என்ற நம்பிக்கை இந்தப் பொழுதுபோக்கில் பழையது. அழுத்தம் விட்டத்தை ஒழுங்குபடுத்தும், அவ்வளவுதான். உள்ளே காற்றுக் குமிழி இருக்கும் குண்டையோ, அடிவிளிம்பு சரியாக நிரம்பாத குண்டையோ எந்தப் பிரஸ்ஸும் திருத்தாது. நன்றாக விழுந்த குண்டைச் சாய்த்து அழுத்திக் கெடுக்க மட்டும் எல்லாப் பிரஸ்களாலும் முடியும். ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேல் குறைக்கவேண்டி வந்தால் கோளாறு அச்சுத் தேர்வில் இருக்கிறது. வேறு அச்சு தேடுவதுதான் அதற்கு வைத்தியம். எனவே ஒரு பிரஸ்ஸை மதிப்பிட நான் வைக்கும் அளவுகோல், அது குண்டுக்கு எவ்வளவு குறைவான தீங்கு செய்கிறது என்பதே.

எந்த அளவுக்கு அழுத்துவது என்பதைக் கடைப் பட்டியலைப் பார்த்து முடிவுசெய்வது இன்னொரு பரவலான பழக்கம். மென்மையான ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள் அடித்து ஓட்டி, வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளந்தால் குழலின் உண்மையான விட்டம் தெரிந்துவிடும். செலவில்லாத வேலை. ஆனாலும் பலர் செய்வதில்லை. ரிவால்வரில் இது மட்டும் போதாது. உருளை அறைகளின் முன்வாயையும் அளக்கவேண்டும். குண்டு முதலில் கடப்பது அந்த வாயை. அது குழலைவிடக் குறுகலாக இருந்தால், பிரஸ்ஸில் அரும்பாடுபட்டு எடுத்த அளவைத் துப்பாக்கியே முதல் நொடியில் மாற்றி அழுத்திவிடும். உலோகத்துக்கும் தன் குணம் உண்டு. கடினமான கலவை, பிரஸ்ஸில் குண்டை அளவுக்கு நெருக்கும் துளையுள்ள டையிலிருந்து வெளிவந்ததும் மென்மையானதைவிடச் சற்றுக் கூடுதலாக விரியும். தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்கிய ஆன்டிமனிக் கலவையை நாள் கழித்து அழுத்தினால் அழுத்தப்பட்ட மேற்பரப்பு மறுபடி இளகிவிடும். ஒரே டை எல்லாருக்கும் ஒரே அளவைக் கொடுக்காததற்கு இவையும் காரணம்.

இனி பிரஸ்களுக்கு வருவோம். வீட்டு வார்ப்புக் கருவிகளின் மூலவேர் ஜான் பார்லோ 1884இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய ஐடியல் நிறுவனம். 1925இல் அது லைமன் நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று லைமன் விற்கும் 4500, கலிஃபோர்னியாவின் ஆர்சிபிஎஸ் விற்ற லூப்-அ-மேட்டிக் ஆகிய இரண்டும் அந்த மரபின் பிள்ளைகள். அமைப்பு எளிது. குண்டை மூக்கு மேலாக டையின் வாயில் நிறுத்தவேண்டும். கைப்பிடியை இழுத்தால், மூக்கின் வடிவத்துக்கேற்பக் கடைந்த பஞ்ச் ஒன்று மேலிருந்து இறங்கிக் குண்டை டைக்குள் தள்ளும். டையின் சுவரில் துளைகள் இருக்கும். பக்கத்துக் கலத்தில் அடைத்த மெழுகுக் கட்டியைத் திருகு அழுத்த, முறுக்கு அச்சிலிருந்து மாவு வருவதுபோல மெழுகு அந்தத் துளைகள் வழியே வந்து காடிகளை நிரப்பும். கைப்பிடியை உயர்த்தினால் குண்டு மேலே எழும்பிவரும்; கையால் எடுத்துக்கொள்ளவேண்டியதுதான்.

இந்த வடிவம் ஒரு நூற்றாண்டைத் தாண்டியும் நிற்பதற்கு நியாயம் இருக்கிறது. வார்ப்பிரும்பு உடல் தலைமுறை தாண்டி உழைக்கும். லைமன் டைகளும் பஞ்சுகளும் ஆர்சிபிஎஸ் பிரஸ்ஸிலும் பொருந்துவதால் பழைய சாமான் சந்தையில் உதிரிகளுக்குப் பஞ்சமே இல்லை. ரைஃபிள் குண்டின் அடியில் பொருத்தும் செம்புக் கிண்ணியை அதே இழுப்பில் இறுக்கிவிடலாம். ஆழமான காடி, நிறைய மெழுகு என்று விரும்புகிறவருக்கு அதைச் சீராக நிரப்பித் தருவதில் இது கெட்டிக்காரப் பிரஸ்.

குறைகளும் அதே அமைப்பிலிருந்தே பிறக்கின்றன. குண்டை இரண்டு பொருள்கள் பிடிக்கின்றன: கீழே டை, மேலே பஞ்ச். இரண்டும் ஒரே அச்சில் நிற்காவிட்டால் குண்டு சாய்ந்து நுழைந்து, ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அழுந்தும். பழைய லைமன் டைகளின் வாய் படி வெட்டியதுபோல் இருந்ததால் ஈயத்தை அழுத்தாமல் சீவியே எடுத்தது. பின்னால் வந்தவற்றில் வாயைச் சரிவாகக் கடைந்தார்கள். பஞ்ச் மூக்கோடு பொருந்தாவிட்டால் மூக்கு நசுங்கும். ஆகவே ஒவ்வொரு குண்டு வடிவத்துக்கும் தனிப் பஞ்ச், ஒவ்வொரு விட்டத்துக்கும் தனி டை. குண்டு எவ்வளவு ஆழம் இறங்கவேண்டும் என்பதையும் ஒவ்வொரு முறையும் திருத்தவேண்டும், இல்லாவிட்டால் மெழுகு காடிக்குப் பதில் மூக்கில் ஏறும். திருகை அதிகம் முறுக்கினால் குண்டின் அடியிலும் மெழுகு பிதுங்கும், அது தோட்டாவுக்குள் வெடிமருந்தைப் பிசுபிசுக்க வைக்கும். குறைவாக முறுக்கினால் காடி அரைகுறையாக நிரம்பும். பிரஸ்ஸைக் குறைசொல்லும் பலர் உண்மையில் குறைசொல்வது இந்தத் திருகின் கைப்பக்குவத்தைத்தான் என்று எனக்குத் தோன்றும்.

மெழுகும் ஒரு பிரச்சினைதான். அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கத்தின் பெயரால் வழங்கும் பழைய கலவை ஆலாக்ஸ் என்ற மசகுப் பொருள் பாதி, தேன்மெழுகு பாதி. அறை வெப்பத்திலேயே இளகி ஓடும், தனிச் சூடு வேண்டாம். பின்னால் கடைகளில் வந்த கடின மெழுகுகளுக்குப் பிரஸ்ஸின் அடியில் சூடேற்றி வைத்தே ஆகவேண்டும். லைமன் 4500இல் சூடேற்றும் தண்டுக்கு இடம் விட்டிருப்பது இதற்காகவே. வியாபாரிகள் குண்டுகளைப் பெட்டியில் அடைத்து அனுப்புகையில் மெழுகு உதிரக்கூடாது என்பதுதான் கடின மெழுகின் முதல் சிறப்பு. தானே வார்த்துத் தானே சுடுகிறவர் அதற்காக மின்சாரமும் சூடேற்றியும் செலவழிப்பது எனக்கு விளங்காத விஷயம்.

சான் டியேகோவில் பிறந்து பிறகு மாக்மா இன்ஜினியரிங்கின் தயாரிப்பான ஸ்டார் பிரஸ் இந்தக் குறைகளில் பாதியைத் துடைத்தது. அதில் குண்டு மூக்கு முன்னாக நுழையும். தட்டையான தண்டு அடியைத் தள்ளும். அடுத்த குண்டு முந்தையதைக் கீழே தள்ளி வெளியேற்றும். ஆகவே மூக்குக்கேற்ற பஞ்ச் வேண்டாம், குண்டைக் கையால் எடுக்கும் வேலையும் மிச்சம். மூக்கை எதுவும் தொடுவதில்லை என்பது என் அளவுகோலில் பெரிய மதிப்பெண். ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கில் கைத்துப்பாக்கிக் குண்டு சுடும் போட்டியாளருக்கு இதைவிட நல்ல பிரஸ் சொல்லத் தெரியவில்லை. ஆனால் விலை அதிகம், டைகள் தனி, வேறு காடி வடிவத்துக்கு மாறும்போது டையில் தேவையில்லாத துளைகளை ஈயச் சிறுகுண்டால் அடைக்கவேண்டும். அதிகமாக அழுத்தினால் தள்ளுண்ட ஈயம் அடிவிளிம்பில் மெல்லிய பிசிறாக வழிவதும் உண்டு. குழலைவிட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிவிளிம்பு என்பதால் அங்கே விழும் பிசிறு குண்டின் போக்கை நேரடியாகப் பாதிக்கும். ஆயிரத்தில் ஓரிரு பங்கு மட்டும் அழுத்தினால் இந்தப் பயம் இல்லை.

விஸ்கான்சின் மாநிலத்து லீ பிரிசிஷன் இரட்டை வேலையையே பிரித்துவிட்டது. தோட்டா நிரப்பும் சாதாரணப் பிரஸ்ஸின் மரையில் மாட்டும் சிறிய டையும் ஒரு தள்ளுதண்டும்தான் அதன் கருவி. குண்டு கீழிருந்து மூக்கு முன்னாகப் புகுந்து மேலே உள்ள டப்பாவில் விழும். மெழுகு ஏற்றுவதற்குப் பிரஸ்ஸே வேண்டாம். நீர்ம ஆலாக்ஸை ஊற்றிக் குண்டுகளைப் புரட்டி, உலரவிட்டால் போதும். இதற்கெனவே ஆழமற்ற பல சிறு காடிகள் கொண்ட அச்சுகளை லீ செய்தது. அனுபவசாலிகள் இதை ஏழையின் கருவி என்று ஒதுக்குவது அநியாயம். குண்டை நேராகத் தள்ளுவதில் இதன் எளிய அமைப்பு பெரிய இரும்புப் பிரஸ்களுக்குச் சளைத்ததில்லை. பலவீனம் அந்தத் திரவத்தில்தான். பிசுபிசுப்பு போவதில்லை, தூசியைச் சேர்க்கும், குண்டை உறையில் இறக்கும் டைக்குள் படிந்து போகப்போக ஆழ அளவைக் குலைக்கும், சுடும்போது புகையும் கக்கும்.

அந்தத் திரவத்துக்கு மாற்றாகச் சமீப ஆண்டுகளில் வந்தது பாலியெஸ்டர் பொடிப் பூச்சு. பிளாஸ்டிக் டப்பாவில் பொடியோடு குலுக்கி, ஏறத்தாழ 200 செல்சியஸில் இருபது நிமிடம் வேகவைத்தால் குண்டைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் தோல் படியும். மெழுகு வேண்டாம், புகை குறைவு, வெறும் ஈயம் கையில் படுவதும் குறைவு. பூச்சு விட்டத்தைக் கூட்டுவதால் அளவுக்கு அழுத்தும் வேலை முன்னிலும் அவசியமாகிறது. அதற்கு மூக்கு முன்னாகத் தள்ளும் எளிய டையே உகந்தது. ஆக, இரட்டை வேலைப் பிரஸ்ஸின் மெழுகுப் பாதியை இந்தப் பொடி தேவையற்றதாக்கிவிட்டது. வேகவைக்கத் தனி அடுப்பு வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. சமையலுக்கு அதை ஒருபோதும் எடுக்கக்கூடாது.

ஈய நஞ்சைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். அழுத்தும் வேலை குளிர்ந்த உலோகத்தில் நடப்பதால் ஆவி எழுவதில்லை, ஆனால் விரலில் ஒட்டும் ஈயம் உணவோடு உள்ளே போகும். குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் கவன வரம்பாக வைத்தது. குண்டைக் கையாலேயே வைத்துக் கையாலேயே எடுக்கவேண்டிய லைமன் வகை இந்த வகையில் மோசம். வேட்டைக்கு ஈயக் குண்டைக் கலிஃபோர்னியா 2019 ஜூலை 1 முதல் முற்றிலும் தடைசெய்துவிட்டது. அங்கே ஈயக் குண்டு வார்ப்பவர்கள் அதை வேட்டைக்கு எடுத்துப்போக முடியாது.

கைத்துப்பாக்கிக்கு மிதமான எண்ணிக்கையில் வார்ப்பவருக்கு என் பரிந்துரை மூக்கு முன்னாகத் தள்ளும் எளிய டையும் பொடிப் பூச்சும். ஆயிரக்கணக்கில் சுடுகிறவர், மெழுகை விட மனமில்லாதவர் என்றால் ஸ்டார். லைமன் வகைக்கு நான் இடம் விடுவது ரைஃபிளில் பல வடிவக் குண்டுகளை, செம்புக் கிண்ணியோடும் ஆழக் காடி மெழுகோடும், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துபார்ப்பவருக்கு. அவரும் புதிதாக வாங்கவேண்டியதில்லை. பழைய பிரஸ் ஒன்றைப் பார்க்கப் போகையில் சுத்தமான குண்டு ஒன்றையும் மைக்ரோமீட்டரையும் எடுத்துச் செல்லட்டும். ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்து, குண்டின் சுற்றளவில் இரண்டு மூன்று இடங்களில் விட்டத்தை அளக்கட்டும். பிறகு குண்டைச் சுழற்றி, டை தேய்த்த பளபளப்பு சுற்றிலும் ஒரே அகலத்தில் ஓடுகிறதா என்று பார்க்கட்டும். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் பஞ்சும் டையும் நேர்கோட்டில் இல்லை. விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தப் பிரஸ் வேண்டாம்.