கிழிந்தால் கிழியட்டும், ஓலைதானே!

பினாங்கு ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடப்பவர் கண்ணுக்குத் தீனி நிறைய உண்டு. 1801இல் காதர் முகைதீன் தோற்றுவித்த பள்ளிவாசலின் குவிமாடம், ஊதுபத்திப் புகை ஓயாத குவான் இன் கோயில், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலின் பின்புறம், வடகோடியில் 1818இன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். இடையிடையே நகைக்கடைகளும் நாணய மாற்றுக்காரர்களும். 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியதிலிருந்து கேமராக்களுக்கு ஓய்வில்லை. இத்தனைக்கும் நடுவில், காசு பெறாத ஒரு கைவேலைக்கு நான் ரசிகன். அது தென்னங்கீற்றில் குழந்தைகளுக்குச் செய்து தரும் விளையாட்டுச் சாமான்.

கோயிலில் விசேஷம் என்றால் குருத்தோலை வந்து இறங்கும். தோரணம் கட்டுகிற பெரியவரின் காலடியில் துண்டுகள் குவியும். வேடிக்கை பார்க்கும் பொடியன் கையில் ஒரு கீற்றைக் கொடுத்து, எப்படி மடிப்பது என்று ஒருமுறை காட்டிவிட்டு அவர் தம் வேலையைப் பார்ப்பார்.

“தாத்தா, கிழிஞ்சு போச்சு.”

“போனாப் போவுது. வேற எடுத்துக்கடா.”

இந்தக் கலையின் பாடத்திட்டம் முழுவதும் அந்தப் பதிலில் அடங்கிவிடுகிறது.

முதலில் ஓலையைப் பார்க்கத் தெரிய வேண்டும். குருத்தோலை வெளிர்மஞ்சள், பட்டுப்போல் மடியும், விறைப்பு கிடையாது. தோரணத்துக்கும் கிளிக்கும் பாம்புக்கும் அது ஏற்றது. முற்றிய பச்சை ஓலை மடித்த இடத்தில் மடிந்து நிற்கும். காற்றாடிக்கும் கைக்கடிகாரத்துக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் அதுதான் சரி. காய்ந்த ஓலை நரம்போடு நரம்பாகப் பிளந்துவிடும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. நாலைந்து கீற்றைப் பாழாக்கியதும் விரல் தானே சொல்லிவிடும்.

காற்றாடியை எடுத்துக்கொள்வோம். ஈர்க்கை உருவிவிட்டு, விரல் அகலத்தில் நான்கு கீற்று. ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, ஒன்றின் மடிப்புக்குள் அடுத்ததன் வால் போகும்படி கோக்க வேண்டும். நான்கும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டதும் நான்கு வாலையும் மெல்ல மெல்ல, மாற்றி மாற்றி இழுத்தால் நடுவில் சின்னச் சதுர முடிச்சு விழும். ஒரே இழுப்பில் இறுக்குபவருக்கு முடிச்சு கோணிக்கொள்ளும். நடுவில் ஈர்க்கால் துளையிட்டு, அந்த ஈர்க்கையே அச்சாகச் செருகி, நுனியில் ஓலைத் துண்டால் ஒரு தடை.

நல்ல காற்றாடிக்கு என் சோதனை மூன்று. முடிச்சின் நான்கு மூலையும் ஒரே கூர்மையில் இருக்கிறதா? துளை ஈர்க்கைவிட ஒரு மயிரிழை மட்டும் பெரிதாக இருக்கிறதா? நான்கு கையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா? ஒரு கை எதிர்ப்பக்கம் திரும்பினாலும் சுழற்சி தடுமாறும். சரியாக அமைந்த காற்றாடியைப் பிடித்துக்கொண்டு பிள்ளை கடைகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதையில் ஓடும்போது கை நான்கும் மறைந்து ஒரு பச்சை வட்டம்தான் தெரியும்.

ஓலை ஊதலான பீப்பி இன்னும் நுட்பமானது. நீண்ட கீற்றை மெல்லிய முனையில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் விளிம்பைக் கொஞ்சம் மூடும்படி சுருட்டிக்கொண்டே வந்தால் புனல் வடிவம் கிடைக்கும். அகன்ற வாயை ஈர்க்கால் குத்தி நிறுத்தி, சிறிய வாயில் மடித்த ஓலைத் துணுக்கைச் செருகி ஊத வேண்டும். இரண்டு ஓலை இதழ்கள் மூச்சில் அடித்துக்கொள்வதால் பிறக்கும் ஒலி அது. கோயில் நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியும் இதே தத்துவத்தில்தான் பேசுகிறது. பீப்பி ஊதிப் பழகிய பிள்ளைக்குச் சீவாளியைக் காட்டினால், அது என்ன செய்கிறது என்பது சட்டென்று பிடிபடும்.

ஓலை தமிழர்களான எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. நோன்புப் பெருநாள் நெருங்கினால் மலாய் வீடுகளில் கெத்துபாட் என்ற சோற்றுக்கட்டிக்கு உறை பின்னுகிறார்கள். இரண்டு கீற்று, கையில் சுற்றி, மேலே ஒன்று கீழே ஒன்று என்று கோத்து இறுக்கினால் அரிசி நிரப்பும் சாய்சதுரப் பை தயார். பினாங்கு, கெடா பக்கத்து வடக்கத்திக் கைகள் பலாஸ் இலையில் புளுட் எனும் ஒட்டரிசியை முக்கோணமாக மடித்துக் கட்டுவதிலும் தேர்ந்தவை. காலால் ஆடும் செப்பாக் ராகாவின் பிரம்புப் பந்தும் மேலே கீழே என்ற அதே பின்னல்தான். நம் தோரணத்திலோ மடிப்புக்குக் கணக்கு உண்டு. மங்கலத்துக்கு நான்கு குருவி மடிப்பு, துக்கத்துக்கு மூன்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பின்னலையும் நம் வீட்டு மடிப்பையும் ஒரே திண்ணையில் கற்கும் பிள்ளைக்கு, இரண்டும் ஒரே மரத்து ஓலை என்பது சொல்லாமலே விளங்கும்.

மடிப்பதும் பின்னுவதும் சிறுபிள்ளைகளின் மூளைக்கு நல்லது என்று ஐரோப்பாவில் முறைப்படுத்தியவர் ஃபிரெட்ரிக் ஃப்ரேபல். 1837இல் ஜெர்மனியில் குழந்தைகளுக்காகக் கூடம் தொடங்கியவர். கிண்டர்கார்டன் என்ற ஏற்பாடு அவருடையது. அவர் வழியில் உருவான காகித மடிப்புப் பெட்டி ஒன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த டி. சுந்தர ராவ் கையில் கிடைத்தது. உள்ளே இருநூறு வண்ணச் சதுரத் தாள்கள். மழலையர் விளையாட்டுக்கு வந்த அந்தத் தாள்களை மடித்தே ஒழுங்குப் பல்கோணங்களையும் கூம்பு வளைவுகளையும் வருவித்து, 1893இல் சென்னையில் ஒரு வடிவியல் நூலையே வெளியிட்டார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதை எடுத்துக் காட்டியதால் மேற்குலகம் திரும்பிப் பார்த்தது; 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. நம் காலத்தில் அர்விந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்து வடிவியல் மாதிரிகள் செய்து காட்டினார். குப்பையிலிருந்து பொம்மை செய்யும் அந்தப் பணிக்கு 2018இல் பத்மஸ்ரீ வந்தது.

இவர்கள் கையாண்ட பொருள்களில் விலை இல்லாததை நான் சிக்கனத்துக்காகப் பாராட்டவில்லை. பேரங்காடியில் விற்கும் கைவினைப் பெட்டியை வாங்கிப் பாருங்கள். வெட்டிய துண்டு, எண் போட்ட இடம், மூடியில் முடிவின் படம். பிள்ளை பசையைத் தொட்டதும் அம்மாவின் வாயில் “பார்த்து, வீணாக்கிடாதே” என்று வந்துவிடுகிறது. அவளைக் குறை சொல்ல முடியாது, கொடுத்தது காசு. ஆனால் வீணாக்கப் பயந்த கை எதையும் சோதித்துப் பார்க்காது. இறுக்கினால் என்ன ஆகும், எதிர்ப்பக்கம் மடித்தால் என்ன ஆகும் என்ற கேள்விகள் பிறப்பதே கெடுப்பதற்கு உரிமை இருக்கும் இடத்தில்தான். ரசனையும் அங்கேதான் தொடங்குகிறது. பத்துக் காற்றாடியைக் கோணலாகச் செய்தவனுக்குத்தான் பதினோராவதன் மூலை நேராக இருப்பது கண்ணில் படும்.

அடுக்குமாடி வீட்டில் தென்னைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். விசேஷ நாள்களில் பூக்கடையில் கேட்டுப் பாருங்கள். தோரணம் போக மிஞ்சிய கீற்று குப்பைக்குத்தான் போகும். அதுவும் இல்லையா, பழைய நாளிதழை நீளவாக்கில் கிழித்து நான்காக மடித்தால் காற்றாடிக்கும் பந்துக்கும் போதும். கிழித்த நாள்காட்டித் தாள் கிளிக்கு அருமையாக மடியும். ஈர்க்கை உருவும் கத்தி பெரியவர் கையிலேயே இருக்கட்டும். ஈர்க்கின் கூர்முனையை வெட்டிவிடுங்கள், கண்ணுக்கு ஆகாது. மற்றபடி தலையிட வேண்டாம். குறிப்பாக, பிள்ளை பாதியில் விட்டதை வாங்கி நீங்கள் அழகாக முடித்துக் கொடுக்காதீர்கள். அந்தப் பெரிய மனிதத்தனம் எத்தனையோ விரல்களை முடக்கியிருக்கிறது.

கலைப்பொருள் சேர்ப்பவர்கள் இதைச் சீண்ட மாட்டார்கள். இரண்டு நாளில் சுருங்கிப் பழுப்பேறும் பொருளுக்குக் கண்ணாடிப் பேழை எதற்கு? இருந்தாலும் என் கணிப்பில், கோணாத நான்கு மூலையும் தடுமாறாத சுழற்சியும் உள்ள ஓலைக் காற்றாடி, இந்தச் சாலையின் எந்தக் கைவேலைக்கும் கூசாமல் பக்கத்தில் நிற்கும். இந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு ஒரு கட்டு ஓலை கொண்டுபோங்கள். பாதியாவது கிழியட்டும்.